சுத்தமான தண்ணி மட்டும் காணாது: மீன் தொட்டியின் வெப்ப வரலாறு

போன பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணி போல, நாங்கள் மீன் தொட்டி கழுவினோம். நாங்கள் கூடுகிற அறையின் மூலையில் இருக்கிற அறுபது லீற்றர்த் தொட்டி அது. அதில் ஒரு கூட்டம் கப்பியும், நல்ல சிவப்பில் ஆறு செரி பார்ப் மீன்களும் இருந்தன. இரண்டு கிழமையாகத் தண்ணி மாற்றவில்லை. கண்ணாடி முழுக்கப் பாசி. வருகிற ஆட்கள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். எங்களுக்கும் வெட்கமாகத்தான் கிடந்தது. ஆகவே அன்றைக்கு வடிவாகச் செய்வோம் என்று இறங்கினோம்.

ரியூப் போட்டு 35 லீற்றர் தண்ணியை வெளியே எடுத்தோம். அடியில் கிடந்த ஊத்தையை உறிஞ்சினோம். பைப்பைத் திறந்து வாளி வாளியாகப் புதுத் தண்ணி ஊற்றினோம். குளோரீன் போக்கும் மருந்தைக்கூட அளந்துதான் விட்டோம். தண்ணி கையில் கொஞ்சம் சூடாகப் பட்டது. "வெதுவெதுப்புத்தானே, மீனுக்குச் சுகமாக இருக்கும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்ற எல்லோரும் தலையாட்டினோம்.

தொட்டி பளிச்சென்று வந்தது. படமும் எடுத்தோம். கால் மணித்தியாலத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பின்னேரம் ஐந்து மணிக்குள் செரி பார்ப் ஆறும் போய்விட்டன. கப்பிகளில் பாதிதான் தப்பின.

"மீன்தானே, விடுங்கோ" என்று சிலர் சொன்னார்கள். எங்களால் விட முடியவில்லை. இரண்டு கிழமை ஊத்தைத் தண்ணியில் உயிரோடு இருந்த மீன்கள், நாங்கள் பார்த்துப் பார்த்துத் துப்புரவாக்கிய அன்றைக்குத்தான் செத்தன. அதுதான் எங்களைக் குடைந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, அதே நேரத்தில், ஒரு வெப்பமானியை வாங்கிவந்து பைப்புக்குக் கீழே பிடித்தோம். 40 பாகை செல்சியஸ். கூரைக்கு மேலே இருக்கிற கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கியில் காலையிலிருந்து காய்ந்த தண்ணி அது. பிறகு ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். அன்றைக்குத் தொட்டியில் மிஞ்சியிருந்தது 25 லீற்றர். அது 28 பாகை. நாங்கள் ஊற்றியது 35 லீற்றர். அது 40 பாகை. இரண்டும் கலந்தால் 35 பாகை வரும். பத்து நிமிடத்துக்குள் அந்த மீன்களின் உலகத்தை ஏழு பாகை ஏற்றியிருக்கிறோம்.

இதில் எங்களுக்கு ஒரு கேள்வி வந்தது. நாங்கள் பார்த்த காணொளிகளும் வாசித்த குறிப்புகளும் தண்ணி மாற்றுவது பற்றி ஒன்றையே சொல்லின: பைப் தண்ணி குளிராக இருக்கும், கொஞ்சம் சுடுதண்ணி கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். பைப் தண்ணி சுடுகிற ஊரைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. ஏன் இல்லை என்று தேடப்போனோம். தேடியதில் கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

மூங்கில் குழாய்

கதை சீனாவில் தொடங்குகிறது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னர், சொங் அரச வம்சக் காலத்தில், சிவப்பாகவும் பொன்னிறமாகவும் பிறந்த கெண்டை இன மீன்களைக் குளங்களில் தனியாக்கி வளர்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் தங்கமீன். பின்னர் மிங் காலத்தில் அந்த மீன் குளத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கு, பெரிய பீங்கான் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. குளத்தில் இருக்கும்வரை தண்ணியை யாரும் மாற்றத் தேவையில்லை. தொட்டிக்கு வந்தவுடன் அது மனிதரின் வேலையாகிவிட்டது.

1596இல் சாங் சியேன்தே என்பவர் சிவப்புத் தங்கமீன் வளர்ப்பைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். 1577இல் பிறந்தவர், எழுதும்போது வயது இருபதுகூட ஆகவில்லை. எங்கள் பலரைவிட இளையவர். மீனுக்கு எந்தத் தண்ணி நல்லது என்று அவர் வரிசைப்படுத்துகிறார். ஆறு, ஏரிகளின் ஓடுகிற தண்ணி முதல். தெளிந்த கிணற்றுத் தண்ணி அடுத்தது. நகரத்துக்குள் ஓடுகிற வாய்க்கால் தண்ணி கூடவே கூடாது. தண்ணி மாற்றி ஒன்றிரண்டு நாளில் அடியில் ஊத்தை படியும், அதை ஒரு மூங்கில் குழாயால் அடிக்கடி உறிஞ்சி எடுக்கவேண்டும் என்றும் சொல்கிறார். நாங்கள் கடையில் வாங்கின பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாயின் பாட்டன் அந்த மூங்கில்.

அவரிடம் வெப்பமானி இல்லை. இருந்தாலும் அவருடைய மீன்களுக்கு ஒரு வசதி இருந்தது. தங்கமீன் மிகவும் தாக்குப்பிடிக்கிற மீன். பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியிலும் கிடக்கும், 30 பாகை வெயிலிலும் நீந்தும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: இந்த மாற்றம் மெல்ல மெல்ல, பருவத்தோடு சேர்ந்து வரவேண்டும். முற்றத்தில் நிற்கிற பெரிய, தடித்த பீங்கான் தொட்டியில் அது மெதுவாகத்தான் வரும். உலகத்தில் மனிதர் முதலில் வீட்டுக்குள் வளர்த்த மீன் தங்கமீனாக இருந்தது தற்செயல் என்று எங்களுக்குப் படவில்லை. வளர்த்தவர்களின் பிழைகளைத் தாங்கிய மீன் அது.

கை சொல்கிற பொய்

தங்கமீன் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. 1665இல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரச அதிகாரி, அயல்வீட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வெளிநாட்டு மீன் நீந்துவதைப் பார்த்த அதிசயத்தைத் தன்னுடைய நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த மீன்கள் அந்தக் கண்ணாடிக்குள் என்றென்றைக்கும் வாழும் என்று அவர் நம்பினார். பாவம்.

பீங்கான் தொட்டி போய்க் கண்ணாடிக் கோப்பை வந்ததும் இரண்டு விஷயம் மாறியது. தண்ணியின் அளவு குறைந்தது, சுவரும் மெல்லிதானது. கொஞ்சத் தண்ணி அறையின் சூட்டோடும் குளிரோடும் கெதியாக ஏறி இறங்கும். அதோடு அது கெதியாக ஊத்தையாகும். ஆகவே முழுத் தண்ணியையும் அடிக்கடி மாற்றவேண்டும். முழுத் தண்ணியையும் மாற்றினால் பழைய வெப்பநிலையில் ஒரு துளியும் மிஞ்சாது. மீன் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்கு ஒரே நொடியில் தூக்கிப் போடப்படும்.

"கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இதற்கு 1690இலேயே ஜோன் லொக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி பதில் சொல்லிவிட்டார். ஒரே பாத்திரத்துத் தண்ணி ஒரே நேரத்தில் ஒரு கைக்குக் குளிராகவும் மற்றக் கைக்குச் சூடாகவும் படலாம் என்று அவர் எழுதினார். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கையை ஐஸ் தண்ணிக்குள்ளும் மற்றக் கையைச் சுடுதண்ணிக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே வாளிக்குள் விடுங்கள். இரண்டு கையும் இரண்டு கதை சொல்லும். கை, தான் இதற்கு முன் எங்கே இருந்தது என்பதோடு ஒப்பிட்டுத்தான் பேசும். பங்குனி வெயிலில் நின்ற கைக்கு 40 பாகைத் தண்ணி வெறும் வெதுவெதுப்புத்தான்.

லொக் எழுதி இருபத்துநாலு வருடம் கழித்து, 1714இல், டானியல் ஃபாரன்ஹீட் நம்பகமான இரச வெப்பமானியைச் செய்தார். ஆனால் அது மீன் தொட்டிக்கு வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

மாற்றாத தண்ணி என்ற கனவு

1846இல் அன்னா தைன் என்ற ஆங்கிலப் பெண்மணி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள டோர்க்கியில் சில பவளப் பூச்சிகளைக் கண்டு ஆசைப்பட்டு, ஒரு சாடிக் கடல்தண்ணியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் இல்லை. முதலில் ஒன்றுவிட்ட ஒரு நாள் புதுக் கடல்தண்ணி மாற்றினார். கரையிலிருந்து தண்ணி வருவது சிரமமானபோது வேறு வழி பிடித்தார். இருக்கிற தண்ணியையே திறந்த யன்னலுக்கு முன்னால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறி ஊற்றி, காற்றை ஏற்றினார்கள். ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலத்துக்கு மேல். ஊற்றியது அவருடைய பணிப்பெண். வரலாற்றுப் புத்தகங்களில் அன்னா தைனின் பெயர் இருக்கிறது. எங்கட மேசையில் ஓடுகிற காற்றுப் பம்பின் வேலையைச் செய்தது அந்தப் பணிப்பெண்ணின் கை.

அடுத்த வருடம் கடல் செடிகளையும் அதற்குள் விட்டார் அன்னா. செடி ஒட்சிசனைக் கொடுத்தது. ஊற்றுகிற வேலை குறைந்தது.

இதையே 1849இல் ரொபேர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர் லண்டனில் பரிசோதனையாகச் செய்தார். பன்னிரண்டு கலன் பாத்திரத்தில் இரண்டு தங்கமீன், வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அழுகுகிற இலைகளைத் தின்ன நத்தைகள். மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. தண்ணி மாற்றாமலே மீன் வாழ்ந்தது. 1850இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் கண்ணாடியும் இரும்புமாகப் பசுங்குடில் மாதிரி ஒரு மீன் இல்லம் திறந்தார்கள். 1854இல் ஃபிலிப் ஹென்றி கொஸ் எழுதிய புத்தகம் 'அக்குவாரியம்' என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனது. இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கம் முழுக்க யன்னல் ஓரத்தில் தொட்டி வைக்கத் தொடங்கியது. தண்ணி மாற்றுகிற வில்லங்கம் இனி இல்லை என்பதுதான் அதில் பெரிய கவர்ச்சி.

ஆனால் அந்த யன்னலில்தான் பிரச்சினையும் வந்தது. செடிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே தொட்டி வெயில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். வெயில் வெளிச்சத்தை மட்டும் கொண்டுவராது. கோடையில் தண்ணி சூடாகும். மாரியில் அதே யன்னல் உறையும். இதை முதலில் தெளிவாகச் சொன்னதும் வாரிங்டன்தான். 1855இல், வெப்பமும் வெளிச்சமும் கூடினாலும் குறைந்தாலும் தொட்டிக்கு வருகிற கேடு பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். தன்னுடைய கண்டுபிடிப்பைக் கொண்டாடுகிற கூட்டத்தைப் பார்த்து, "நான் சொன்னதில் ஒரு குறை இருக்கு" என்று ஐந்து வருடத்துக்குள்ளேயே எழுதுகிற மனம் எல்லோருக்கும் வராது. எங்களுக்கு அவரில் பிடித்த விஷயமே அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணி

அந்தக் குறையைப் பெரிய அளவில் தீர்த்தவர் வில்லியம் அல்ஃபிரெட் லொயிட். லண்டனில் மீனும் தொட்டியும் விற்கிற கடை வைத்திருந்தவர். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1864இல் திறந்த அக்குவாரியமும், 1871இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் திறந்த அக்குவாரியமும் அவருடைய வேலை. அவருடைய யோசனை எளிமையானது. ஆட்கள் பார்க்கிற தொட்டிகளில் இருக்கிற தண்ணியைவிடப் பல மடங்கு தண்ணியை நிலத்துக்குக் கீழே, இருட்டில், ஒரு பெரிய தேக்கத்தில் வைத்திருந்தார். பம்புகள் இரவு பகலாக மேலுக்கும் கீழுக்கும் தண்ணியைச் சுற்றிவிட்டன. நிலத்தடி இருட்டில் தண்ணி கோடையில் சூடாகாது, மாரியில் உறையாது. மேலே உள்ள தொட்டி சூடாகத் தொடங்கும்போதே அந்தத் தண்ணி கீழே போய்விடும்.

ஒரு பாகை ஏற்ற, ஒரு கிலோ தண்ணிக்கு ஏறக்குறைய 4.2 கிலோயூல் வெப்பம் வேண்டும். க.பொ.த. சாதாரண தரத்தில் மனப்பாடம் செய்த இலக்கம்தான். அதன் அர்த்தம் எங்களுக்கு லொயிட்டின் நிலத்தடித் தேக்கத்தில்தான் விளங்கியது. தண்ணி பெருமளவில் இருந்தால் அது மெதுவாகத்தான் மாறும். குளத்து மீன் பாதுகாப்பாக இருப்பதும், கோப்பை மீன் அந்தரப்படுவதும் இந்த ஒரு காரணத்தால்தான்.

விளக்கு, ஆகாயக்கப்பல், ஹீற்றர்

இதுவரைக்கும் கதை குளிர்நாட்டு மீன்களைப் பற்றியது. 1869இல் பியேர் கார்பொனியே என்ற பிரெஞ்சுக்காரர் சீனாவிலிருந்து வந்த சொர்க்க மீனைப் பாரிஸில் குஞ்சு பொரிக்கவைத்தார். ஆசிய வெப்பப் பிரதேசங்களின் மீன்களுக்கு ஐரோப்பாவின் கதவு திறந்தது அப்போதுதான். சொர்க்க மீன் குளிரை ஓரளவு தாங்கும். அதற்குப் பிறகு ஆசியாவிலிருந்தும் அமேசனிலிருந்தும் வந்த மீன்கள் தாங்காது. இப்போது பிரச்சினை தலைகீழாகியது. தண்ணியைக் குளிராக வைப்பதற்குப் பதிலாகச் சூடாக வைக்கவேண்டும்.

மின்சார ஹீற்றர் இல்லாத காலம். ஜேர்மனியில் மீன் வளர்த்தவர்கள் இரும்புச் சட்டமும் உலோக அல்லது கற்பலகை அடியுமாகத் தொட்டி செய்து, அதற்குக் கீழே மண்ணெண்ணெய் விளக்கையோ வாயுச் சுடரையோ எரித்தார்கள். இரவில் விளக்கு அணைந்தால் காலையில் மீன் இல்லை. 1936இல் பெருவிலிருந்து வந்த சில நியோன் ரெட்ரா மீன்களை ஹிண்டன்பேர்க் ஆகாயக்கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். ஒரு அங்குல நீளமுள்ள மீனுக்கு அந்தக் காலத்தின் அதிவேகப் பயணம். வழியில் கழிகிற ஒவ்வொரு மணித்தியாலமும் தண்ணி குளிர்வதற்கும் கெடுவதற்கும் கிடைக்கிற மணித்தியாலம் என்பதால் வேகம் தேவைப்பட்டது. பின்னர் மின்சார ஹீற்றரும் தானாக அணைந்து எரிகிற கட்டுப்பாட்டுக் கருவியும் வந்து, யாரும் எழும்பிப் பார்க்காமலே தொட்டி இரவு முழுக்க 25 பாகையில் நின்றது.

இதே காலத்தில் 'மாற்றாத தண்ணி' என்ற கனவும் கலைந்தது. மீனின் கழிவில் இருந்து வருகிற அமோனியாவை பக்ரீரியாக்கள் நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. 1890 அளவில் செர்கேய் வினொகிராத்ஸ்கி இந்தப் பக்ரீரியாக்களைப் பிரித்தெடுத்தார். கடைசியில் வருகிற நைத்திரேற்றை வீட்டுத் தொட்டியின் செடிகள் முழுதாகத் தின்று முடிப்பதில்லை. அது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே கொஞ்சத் தண்ணியையாவது கிழமைக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது என்ற இடத்துக்கு வளர்ப்பவர்கள் வந்து சேர்ந்தார்கள். முழுவதும் மாற்றுவதும் பிழை, மாற்றாமலே விடுவதும் பிழை.

குளிர்நாட்டு வீடொன்றில் இதைக் கற்பனை செய்து பாருங்கள். மாரியில் பைப் தண்ணி 8 பாகை. தொட்டி ஹீற்றரால் 25 பாகை. நூறு லீற்றர்த் தொட்டியில் 25 லீற்றரை அந்தப் பைப் தண்ணியால் மாற்றினால் முழுத் தொட்டியும் நாலு பாகைக்கு மேல் இறங்கி 21க்குக் கிட்ட வரும். ஆகவே "கேத்தில் தண்ணி கொஞ்சம் கலந்து ஊற்றுங்கோ" என்பது அங்கே மிகச் சரியான புத்திமதி. புத்தகங்களும், அவற்றைப் பார்த்துச் செய்த காணொளிகளும் இதைத்தான் எங்களுக்குச் சொன்னன. அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்கட வீட்டு உண்மையைச் சொன்னார்கள். அதை எங்கட வீட்டு உண்மை என்று எடுத்தது நாங்கள்.

எங்கட மீன், எங்கட தண்ணி

இதில் எங்களைச் சுட்ட இன்னொரு விஷயம் இருக்கிறது. செரி பார்ப் வெளிநாட்டு மீன் இல்லை. இலங்கைக்கே உரிய மீன். தென்மேற்கு ஈரவலயத்தில், மர நிழல் மூடிய, மெதுவாக ஓடுகிற சின்ன ஓடைகளில் வாழ்வது. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல அதை விஞ்ஞானத்துக்கு அறிமுகப்படுத்தி, 'தித்தயா' என்ற சிங்களப் பெயரையே அதன் விஞ்ஞானப் பெயரிலும் வைத்தார். பிறகு அது உலகம் முழுக்கப் போனது. ஜேர்மனியிலோ கனடாவிலோ ஒரு வீட்டில், அந்த மீனுக்காக மாரி முழுக்க ஹீற்றர் எரிகிறது. அது பிறந்த நாட்டில் நாங்கள் அதை வெந்நீரில் கொன்றோம். நிழல் ஓடையின் மீன் அது. 'இலங்கை வெப்பமான நாடு, ஆகவே இலங்கை மீன் வெப்பத்தைத் தாங்கும்' என்பது பூகோளப் பாடத்தில்கூடச் சரிவராத கணக்கு. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. யாழ்ப்பாணத்தில் அது 28ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே நாடுதான், ஆனால் தண்ணி ஒன்றில்லை.

ஏழு பாகை ஏன் கொல்கிறது? மீனுக்குத் தன் உடலைச் சூடாக்கவோ குளிராக்கவோ ஏலாது. தண்ணியின் சூடுதான் பொதுவாக அதன் உடம்பின் சூடு. தண்ணி பத்துப் பாகை ஏறினால் அதன் உடலுக்குள் நடக்கிற வேலைகள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகும். அதற்கேற்ற ஒட்சிசன் வேண்டும். ஆனால் சூடான தண்ணி ஒட்சிசனைக் குறைவாகத்தான் பிடித்துவைத்திருக்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் 9 மில்லிகிராம் அளவு கரையும். 30 பாகையில் 7.5 அளவுதான். தேவை கூடுகிற நேரத்தில் வரவு குறைகிறது. எங்கட மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தது இதனால்தான். நாங்கள் அதைப் பார்த்து "புதுத் தண்ணிக்குச் சந்தோசப்படுதுகள்" என்று சிரித்தோம்.

சூடு கூடினால் அமோனியாவின் நச்சும் கூடும். காரத்தன்மையான தண்ணியில் இன்னும் மோசம். சுண்ணக்கல் மேல் இருக்கிற யாழ்ப்பாணத்து கிணற்றுத் தண்ணி அப்படியானது. மறுபக்கம், திடீரென்று குளிர்ந்தாலும் ஆபத்துத்தான். மீனின் எதிர்ப்புச் சக்தி தளரும்; அந்த இடைவெளியில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து ஒட்டிக்கொள்ளும். மலைநாட்டில் மாசி மாதக் காலையில் பைப் தண்ணியை நேரே ஊற்றுகிறவர்களுக்கு வருகிற பிரச்சினை எங்கள் பிரச்சினையின் மறுபக்கம். அவர்களுக்கு அந்தக் கேத்தில் புத்திமதி பொருந்தும்.

"மழை பெய்தால் குளமும் குளிர்கிறதுதானே, மீன் சாகிறதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சாவதில்லை. மாரி தொடங்கிக் குளம் வான் பாயும்போது வன்னியில் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதைப் பார்த்த ஆட்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். சில மீன்களுக்கு மழைத் தண்ணியின் குளிர்தான் முட்டையிடச் சொல்கிற அழைப்பு. கொரிடோரஸ் வளர்க்கிறவர்கள் இதற்காகவே வேண்டுமென்று இரண்டு மூன்று பாகை குளிர்ந்த தண்ணியைக் கொஞ்சமாக ஊற்றுவதும் உண்டு. ஆனால் குளம் பெரிது. அது மெதுவாகக் குளிரும். மேலே பிடிக்கவில்லை என்றால் மீன் அடிக்குப் போகும், நிழலுக்குப் போகும். அறுபது லீற்றர் கண்ணாடிக்குள் போக இடமில்லை. தொட்டியில் மீனை வைத்த அன்றைக்கே அது தப்பிப் போகிற வழியை நாங்கள் அடைத்துவிட்டோம். அடைத்தவர்கள்தான் கணக்கும் பார்க்கவேண்டும்.

ஒரு வாளியின் இரவு

இப்போது நாங்கள் செய்வது இதுதான். தண்ணி மாற்றுவதற்கு முதல் நாள் பின்னேரம், இரண்டு வாளித் தண்ணியைப் பிடித்து, தொட்டி இருக்கிற அதே அறையில், வெயில் படாத மூலையில் வைக்கிறோம். காலையில் இரண்டும் ஒரே அறையின் சூட்டில் நிற்கும். தாங்கித் தண்ணி என்றால் விடியற்காலையில் பிடிக்கலாம், மத்தியானத்தில் வேண்டாம். கிணற்றுத் தண்ணி பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்பதால் சூடு பிரச்சினையில்லை, ஆனால் அதில் ஒட்சிசன் குறைவாக இருக்கும். இரவு முழுக்கக் காற்றுக் கல்லைப் போட்டுவிட்டால் காணும். பைப் தண்ணியின் குளோரீனும் இப்படித் திறந்து வைத்தால் பெரும்பாலும் பறந்துவிடும். ஆனாலும் மருந்தை நாங்கள் கைவிடவில்லை.

காலையில் இரண்டிலும் வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். வித்தியாசம் ஒரு பாகைக்குள் என்றால் ஊற்றுகிறோம். கூட என்றால் காத்திருக்கிறோம். அவசரமென்றால் கணக்குப் போடுகிறோம்: தொட்டியில் மிஞ்சுகிற லீற்றரை அதன் பாகையால் பெருக்கு, ஊற்றுகிற லீற்றரை அதன் பாகையால் பெருக்கு, இரண்டையும் கூட்டி முழு லீற்றரால் பிரி. அன்றைக்கு நாங்கள் பாதிக்கு மேல் மாற்றாமல், 15 லீற்றரை மட்டும் மாற்றியிருந்தால், அதே 40 பாகைத் தண்ணியிலும் தொட்டி 31ஐத்தான் தொட்டிருக்கும். நல்லதில்லை, ஆனால் மீன்கள் தப்பியிருக்கக்கூடும். இப்போது காற்பங்குக்கு மேல் மாற்றுவதில்லை. அதையும் மெதுவாக, சின்னக் குழாயால் விடுகிறோம். கடையிலிருந்து புது மீன் வாங்கினால் பொலித்தீன் பையோடு கால் மணித்தியாலம் தொட்டியில் மிதக்கவிட்டபிறகுதான் திறக்கிறோம். அதுவும் இதே பாடம்தான்.

சாங் சியேன்தேயின் மூங்கில் குழாயும், பணிப்பெண்ணின் இரண்டு பாத்திரங்களும், லொயிட்டின் இருட்டுத் தேக்கமும், ஜேர்மன் விளக்கும் எங்களிடம் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஒவ்வொருவரும் தங்கட ஊரின் தண்ணியைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். நாங்கள் அவர்களிடமிருந்து எடுக்கவேண்டியது பார்க்கிற பழக்கத்தை. நாங்கள் எடுத்ததோ அவர்களுடைய முடிவை.

கப்பிகள் இப்போது பெருகிவிட்டன. செரி பார்ப் திரும்ப வாங்கவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் இந்த அறையின் தண்ணி அவற்றுக்கு ஏற்றதாக நிற்குமா என்று ஒரு வருடம் அளந்து பார்த்தபிறகு யோசிப்போம் என்று முடிவெடுத்திருக்கிறோம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பி தொங்குகிறது. காலையில் யார் முதலில் கதவைத் திறக்கிறாரோ அவர் வெப்பநிலையை எழுதவேண்டும். இன்றைக்கு எழுதியிருந்தது 27.5. வாளிகள் இரண்டும் மூலையில் நிற்கின்றன.